மிச்சப் பெயிண்ட்

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில், ப்ரூம் ஊரில், டல்சி லம்மிடம் வயதைக் கேட்டால் நிறத்தைச் சொல்வாள். "நான் பொறந்தது சாம்பல் வருஷம். பள்ளிக்கூடம் சேர்ந்தது பச்சை வெள்ளை வருஷம். அப்பா போனது அந்தப் பாழாப்போன நீல வருஷம்." கேட்டவர் வெளியூர்க்காரராக இருந்தால் விழிப்பார். உள்ளூர்க்காரராக இருந்தால் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா அறுபது தாண்டியாச்சுன்னு சொல்லு" என்பார். அன்றைக்கு அவர் வாங்க வந்த உப்புப் பிளம் மட்டும் கடையில் தீர்ந்து போயிருக்கும். அவர் கண்ணெதிரே ஜாடி நிறைய இருந்தாலும் தீர்ந்து போயிருக்கும்.

அந்த நிறங்கள் எல்லாம் கடையின் நிறங்கள். ஹோய் லம் கடை நெளித் தகரத்தால் ஆனது. சுவரும் தகரம், கூரையும் தகரம், முன்னால் தாழ்வாரம், அதில் ஒரு பெஞ்சு. அரிசி, சோயா, கருவாடு, மண்ணெண்ணெய், தூண்டில் முள், கல்யாணத்துக்குத் தொப்பி, கருமாதிக்கு ஊதுவத்தி என்று மனிதன் பிறந்ததிலிருந்து போய்ச் சேரும் வரை தேவைப்படுவது எல்லாம் அங்கே உண்டு. பெயிண்டும் உண்டு. ஆனால் டல்சியின் அப்பா ஹோய் லம் தன் கடைப் பெயிண்டிலிருந்து ஒரு சொட்டைத் தன் கடைச் சுவரில் பூசியதில்லை. விற்கிற பொருளை வீட்டுக்காரனே எடுக்க ஆரம்பித்தால் கடை விளங்காது என்பது அவர் கட்சி. கருமி என்பது ஊரின் கட்சி.

அவருக்கு வழி காட்டியது மழைக்காலம்தான். மழைக்காலத்தில் புயலுக்குப் பயந்து முத்துக்குளிக்கும் படகுகள் எல்லாம் கரையேறிவிடும். பெரிய அலையேற்றத்தில் உள்ளே வந்து, தண்ணீர் வடிந்ததும் அலையாத்திக் காட்டுச் சேற்றில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஆட்கள் பாசியையும் சிப்பியையும் சுரண்டி, பலகை இடுக்கை அடைத்து, மழை ஓயும் சமயத்தில் புதுப் பெயிண்ட் பூசிக் கடலுக்குத் தயார் செய்வார்கள். ஒவ்வொரு படகிலும் அரை டின் மிஞ்சும். திறந்த டின்னை அந்த வெக்கையில் வைத்திருந்தால் மேலே ஆடை கட்டிக் கெட்டுப்போகும். ஒரு வருடம் யாரோ ஒரு படகுத் தலைவர் அந்த அரை டின்னை ஹோய் லம்மிடம் நீட்டினார். "குடு. ஆனா உன் ஆளுங்களே பூசிட்டுப் போகணும்" என்றார் ஹோய் லம். பூசினவர்களுக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப் கொடுத்தார். அவ்வளவுதான், வழக்கமாகிவிட்டது. மறுவருடம் இன்னொரு படகு, இன்னொரு அரை டின், இன்னொரு நிறம்.

அரை டின் எந்தக் காலத்திலும் கடை முகப்பு முழுவதற்கும் போதாது. ஆகவே கடை எப்போதும் ஒரு நிறத்தில் தொடங்கி வேறு நிறத்தில் முடியும். இடது பக்கம் பச்சையாகவும் வலது பக்கம் வெள்ளையாகவும் நின்ற காலத்தில், பாதி சவரம் செய்துகொண்டு எழுந்து வந்த ஆள் மாதிரி இருந்தது. உச்சியில் மட்டும் 'ஹோய் லம் அண்ட் சன்' என்ற பலகை மாறாமல் இருந்தது. அந்த 'சன்' ஆகிய தம்பி கிளாரி, பெர்த் நகரத்தில் ஊரார் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கடையைக் கட்டிக்கொண்டு அழுதது பலகையில் பேர் இல்லாத டல்சி.

டல்சிக்கு இருபது வயது இருக்கும்போதுதான் டீனோ ஏணியிலிருந்து விழுந்தான்.

ஃபாஸ்டினோ அல்கோசேபா என்பது ஞானஸ்நானப் பெயர். அப்பா மணிலாக்காரர், அம்மா வடக்கே தீபகற்பத்துப் பார்டி பழங்குடிப் பெண். படகில் அவனுக்குக் கயிறு பிடிக்கிற வேலை. கடலுக்கடியில் சிப்பி பொறுக்குகிறவரின் உயிர்க்கயிற்றை மேலே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழே அவர் சுண்டுகிற விதத்தை வைத்தே 'இழு', 'விடு', 'சுறா' என்று புரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட கவனக்காரன், கடைக்குப் பெயிண்ட் பூச வந்த முதல் நாளே ஜன்னல் வழியாகக் கல்லாவில் இருந்த டல்சியைப் பார்த்தான், கால் நழுவி நேராக வாத்து முட்டைக் கூடையில் வந்து உட்கார்ந்தான்.

டல்சி வெளியே வந்து பார்த்தாள். "ஏணியில படி இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் குறுக்கு வழியில இறங்கின?"

டீனோ காதில் வழிந்த மஞ்சள் கருவைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே மறுவருடமும் அவன் சூப்பில் கறி கொஞ்சம் கூடவே போட்டாள் என்று ஊர் சொல்லும். அவள் மறுப்பாள். ஊர் சொன்னதுதான் சரி.

அந்த மறுவருடம், பூசி முடித்து, சூப்பைக் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீனோ கேட்டான்: "என்ன டல்சி, இந்த வருஷம் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

பின்னால் அப்பா அரிசி மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். அவர் ஊசி நின்றுவிட்டதை அவள் கேட்டாள். "பெயிண்ட் காயட்டும், பார்க்கலாம்" என்றாள்.

மழைக்காலத்து ஈரத்தில் பெயிண்ட் லேசில் காயாது. அது காய்வதற்குள் அலையேற்றம் வந்துவிடும், படகுகள் கிளம்பிவிடும், டீனோவும் போய்விடுவான். மறுவருடம் வேறு நிறம், அதே கேள்வி, அதே பதில்.

அவளுக்கு மனசில்லாமல் இல்லை. மனசு இருந்தது, அப்பாவும் இருந்தார். அவர் டார்வினிலிருந்து ஒரு சீன மாப்பிள்ளையைக் கப்பலேற்றி வரவழைத்தார். மாப்பிள்ளை நல்ல உடை, நல்ல பல், மளிகைக் கடைக்காரர் பிள்ளை. கடையை அண்ணாந்து பார்த்து, "ஏன் இப்படிக் கோமாளி மாதிரி இருக்கு? கல்யாணம் ஆனதும் மொத்தத்தையும் வெள்ளை அடிச்சிடறேன்" என்றார். வந்த கப்பல் திரும்பிப் போகும்போது அவரும் அதிலேயே போனார். அவருக்குப் பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம், அதற்குப் பிறகு அப்பாவின் நீல வருஷம். எல்லாம் முடிந்து 'சரி' என்று சொல்ல வாய் திறக்கலாம் என்ற போது, 'காயட்டும்' என்பது அவள் வாயில் பழகிப்போயிருந்தது. டீனோவும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். இருவருக்கும் அது ஒரு பண்டிகை மாதிரி. பண்டிகையை யார் நிறுத்துவார்கள்?

இதற்கிடையில் ஊர் மாறிவிட்டது. முத்து பண்ணையில் வளர ஆரம்பித்தது. பாய்மரத்து மரப்படகுகள் ஒவ்வொன்றாகச் சேற்றிலேயே படுத்து மக்கின. பண்ணைக்காரர்கள் ஓட்டுவது கண்ணாடி நார்ப் படகும் அலுமினியப் படகும். அவற்றுக்கு மழைக்காலப் பெயிண்டும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. ஆனாலும் வருடா வருடம் மழை ஓயும் சமயத்தில் டீனோ ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் அரை டின்னுடன் வந்து நிற்பான். "மிச்சம். வீணாப் போகுதேன்னு எடுத்துட்டு வந்தேன்."

எந்தப் படகின் மிச்சம் என்று டல்சி கேட்டதில்லை. தாழ்வாரத்து பெஞ்சை ஆளுக்குப் பாதியாகப் பிடித்திருந்த கிழவர்கள் ஒகுனோவும் சலேயும் கேட்டதில்லை. ஒகுனோ சிப்பி எடுத்த ஜப்பானியர், ஓய்ந்த பிறகும் ஊரைவிட்டுப் போகாதவர். சலே மலாய்க்காரர், படகு எஞ்சின் ஓட்டியவர். ஒரு வருடம் டீனோ மாம்பழ மஞ்சளில் ஒரு டின் கொண்டுவந்து பூசினான். மஞ்சளைக் கண்டால் சுறா வரும் என்று முத்துக்குளிப்பவர்கள் பயப்படுவார்கள். அந்தக் கடற்கரையில் எந்தப் பைத்தியக்காரனும் படகுக்கு மஞ்சள் பூசியதில்லை. ஒகுனோ சுவரைப் பார்த்தார், சலேயைப் பார்த்தார், "வெயிலுக்கு நல்லா இருக்கு" என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

முடியாதது கிளாரியின் தொலைபேசி. பலகையில் பேர் இருக்கிறவனுக்குப் பாதிக் கடை சொந்தம்.

"அக்கா, ஒரு ஹோட்டல்காரங்க கேக்கறாங்க. நம்ம இடத்தைக் கார் நிறுத்தறதுக்கு எடுத்துக்கறாங்களாம்."

"கடையை என்ன பண்ணுவாங்களாம்?"

"என்ன பண்ணுவாங்க, பிரிப்பாங்க. தகரம்தானே அக்கா. உனக்கும் வயசாச்சு."

"எனக்கு என்னடா வயசாச்சு? உனக்குப் பல்லு சொத்தைன்னா நீயே பிடுங்கிக்க. என் கடையைப் பிடுங்காத."

"இந்த வருஷம் முடியறதுக்குள்ள பதில் சொல்றேன்னுட்டேன். அவங்களுக்கு வேண்டாம்னா சரி, நானும் விட்டுடறேன். வேணும்னா நான் குடுத்துடுவேன்."

டல்சி போனை வைத்துவிட்டு, பாவம், ஒன்றும் செய்யாத கருவாட்டுப் பெட்டியை ஓர் உதை விட்டாள். பயமாக இருந்தது அவளுக்கு. அந்தத் தகரம் போனால், காலையில் எழுந்து போவதற்கு அவளுக்கு வேறு இடம் கிடையாது.

ஹோட்டல்காரர்களுக்கு வேண்டாம் என்று ஆக்க ஒரே வழிதான் இருந்தது. மாநிலத்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் கடையைச் சேர்த்துவிட்டால் யாரும் இடிக்க முடியாது. இடிக்க முடியாத கடையைக் கார் நிறுத்த யார் வாங்குவார்கள்? டல்சி விண்ணப்பம் போட்டாள். வறண்ட காலத்தின் நடுவில் பெர்த்திலிருந்து ரோவீனா என்ற பெண் வந்து இறங்கினாள். நல்ல பெண்தான். தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் அறுவை வைத்தியர் வைத்திருப்பது போல் ஒரு சின்னக் கத்தி.

"மிஸ் லம், அடியில என்னென்ன இருக்குன்னு முதல்ல பார்த்துடலாம்" என்று சொல்லி, கதவுக்குப் பக்கத்தில் கையகல இடத்தில் சுரண்ட ஆரம்பித்தாள். பூச்சுப் பூச்சாக, ஒவ்வொன்றிலும் ஒரு விரலகலம் தெரியும்படி விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். மத்தியானத்துக்குள் டல்சியின் ஆயுசு மொத்தமும் சுவரில் வரி வரியாகத் தெரிந்தது.

கிழவர்களுக்குச் சும்மா இருக்க முடியுமா? ஒகுனோ எழுந்து வந்து குனிந்தார். "இந்த வெள்ளை எங்க 'நார்மா' படகோடது."

"உங்க 'நார்மா' என்னைக்குய்யா வெள்ளையா இருந்துச்சு? அது அழுக்கு கலர்ல இல்ல இருக்கும்" என்றார் சலே. "வெள்ளை எங்க 'பிந்தாங்'."

"உங்க 'பிந்தாங்' முழுகாம இருந்ததே அதிசயம். அதுக்குப் பெயிண்ட் வேறயா?"

"நீ தண்ணிக்கு அடியிலயே கிடந்தவன்யா. மேல என்ன கலர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சத்தம் கேட்டு டீனோவும் வந்து சேர்ந்தான். ஏணி இல்லாமல், பெயிண்ட் இல்லாமல், தாழ்வாரத்துத் தூணோரம் நின்றான். ரோவீனா கடைசிப் பூச்சையும் எடுத்தாள். அடியில் வெறும் தகரம் பளபளத்தது.

"ஆக, ஒரிஜினல் நிறம்னு ஒண்ணு கிடையாது" என்றாள் ரோவீனா.

"எங்கப்பா சல்லிக்காசு செலவு பண்ணலைன்னு அரசாங்கமே கண்டுபிடிச்சிருச்சு" என்றாள் டல்சி. எல்லாரும் சிரித்தார்கள். ரோவீனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, மேல் வரிகளை நகத்தால் தட்டினாள்.

"ஒண்ணுதான் புரியல. கீழே இருக்கிறது எல்லாம் எண்ணெய்ப் பெயிண்ட், படகுக்கானது. ஆனா மேல இருக்கிற இந்தப் பிங்க், இந்த மஞ்சள், இது எல்லாம் வீட்டுச் சுவருக்குப் பூசற பெயிண்ட். இதைப் படகுல பூசினா ஒரு வாரம் தாங்காது. இது எந்தப் படகோட மிச்சம்?"

சலே மேகமே இல்லாத வானத்தில் மழை வருமா என்று பார்த்தார். ஒகுனோ குனிந்து செருப்பின் கயிற்றை இறுக்கினார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. டீனோ மட்டும் அசையவில்லை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காது வரை போயிற்று.

டல்சி அவனையே பார்த்தாள். இத்தனை வருடம் கேட்காமல் விட்டதை இனிமேல் கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஊரே எதிர்பார்த்த கேள்வி அவள் வாயிலிருந்து வரவில்லை.

"எந்தக் கடையில வாங்கின?"

"அது... ஹார்ட்வேர் கடையில. நீதிமன்றத்துப் பக்கம்."

"அவன்கிட்டயா?" டல்சியின் குரல் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "என் கடையில பெயிண்ட் டின்னு மேல டின்னா அடுக்கி வச்சிருக்கேன். என் சுவத்துக்குப் பூச, எனக்கு எதிரா கடை போட்டிருக்கவன்கிட்ட போய் வாங்கியிருக்க!"

"உன்கிட்ட வாங்கினா அதை மிச்சம்னு உன்கிட்டயே எப்படிச் சொல்றது?"

டல்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மஞ்சள் வரியைப் பார்த்தாள்.

"அது சரி, டின்னு எப்பவும் பாதியாத்தானே கொண்டு வருவ? மீதிப் பாதி?" என்றார் சலே. கேட்டவுடன் அவருக்கே வெளிச்சமாகிவிட்டது. "அடப்பாவி. அதான் உன் கக்கூஸ் வருஷா வருஷம் கலர் மாறுதா!"

பெஞ்சு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். டீனோ சிரிக்க முயன்று பார்த்துவிட்டு, மெதுவாகத் தாழ்வாரத்தை விட்டு இறங்கிப் போய்விட்டான். ரோவீனாவுக்கு விஷயம் முழுவதும் புரியவில்லை. ஆனால் விதி அவளுக்குத் தெரியும். பாவம், அதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

"கடை பட்டியல்ல சேரும், மிஸ் லம், எனக்குச் சந்தேகமே இல்ல. இந்த மாதிரி வேற எங்கயும் கிடையாது. ஆனா மேல இருக்கிற வீட்டுப் பெயிண்டுக்கு மதிப்பு கிடையாது. அதைச் சுரண்டிட்டு, கடைசியா வந்த படகுப் பெயிண்டை வெளியே கொண்டு வந்துடுவோம். அப்புறம் முகப்பை யாரும் தொடக்கூடாது. பூசணும்னா அங்கீகாரம் உள்ள ஆள் வந்துதான் பூசணும். அதே நிறம்தான்."

"வருஷா வருஷம் மாத்தறதுதானே இந்தக் கடையோட வழக்கமே?"

"வழக்கம்னு எழுதறேன். ஆனா பட்டியல்ல சேர்க்கிறது சுவத்தைத்தான், வழக்கத்தை இல்ல. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

"மதிப்பு கிடையாதா?" என்று டல்சி இன்னொரு முறை கேட்டாள். அவள் கை மஞ்சள் வரி மேல் இருந்தது.

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு, அவள் டீனோ வீட்டுக்கு நடந்தாள். செம்மண் தெருவில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் கடிகாரத்தையும் பார்த்தார்கள். டல்சி கடை அடைக்கிற நேரமா இது? அந்த வீட்டு வாசலை அவள் இதுவரை மிதித்ததில்லை. ஒற்றைப் பெண் ஒற்றை ஆள் வீட்டுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று ஒரு காலத்தில் பயந்தாள். பிறகு, அவன்தான் வருகிறானே, நாம் எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

டீனோ பின்னால் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தான். டல்சி கூப்பிடவில்லை. உள்ளே நின்று பார்த்தாள். நடை பிங்க். அடுக்களை மஞ்சள். படுக்கையறைக் கதவு, அம்மாவின் நினைவு நாளன்று கடையில் பூசின அதே இளம் பச்சை. கடையின் மீதிப் பாதி முழுவதும் அங்கே இருந்தது. தன் கடைக்குள்ளேயே இன்னொரு பக்கமாக நுழைந்துவிட்டது போல அவளுக்குத் தோன்றியது.

டீனோ மீன் தட்டுடன் வந்து, அவளைக் கண்டு நின்றான். "கக்கூஸையும் பார்க்கணுமா?"

"மஞ்சள் ஏன் வாங்கின? சுறா மஞ்சள்."

"நீதான் சொன்ன. கல்லாவுல உக்காந்து மாம்பழம் தின்னுகிட்டே, கடை இந்தக் கலர்ல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு சொன்ன."

"எப்ப?"

"உங்கப்பா இருக்கும்போது."

"அதை அத்தனை வருஷம் கழிச்சா செய்வாங்க?"

"எந்தப் படகுல மஞ்சள் அடிப்பாங்க, டல்சி? படகெல்லாம் ஒழியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு."

டல்சி அடுக்களைச் சுவரையே பார்த்துக்கொண்டு, "சுரண்டணுமாம்" என்றாள். "இனிமே நீ பூசக்கூடாதாம்."

"சுரண்டட்டும். கடை நிக்கணும்ல?"

"அப்ப நீ என்ன செய்வ?"

"வயசாச்சு. ஏணி ஏறினா முட்டி வலிக்குது" என்றான் டீனோ. முட்டிவலிக்காரன் பேசுகிற பேச்சு மாதிரி அது இல்லை.

டல்சிக்குக் கோபம் வந்தது. விட மாட்டேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவளும் சண்டை போட்டிருப்பாள். அவன் மீனைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அவள் திரும்பி வந்து, மறுநாள் ரோவீனா நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஹோட்டல்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கிளாரி போனில், "சரி அக்கா, நல்லதுதான். அந்தப் பலகையில இருந்து என் பேரையாவது எடுக்கலாமா?" என்றான். "முகப்புல எதையும் தொடக்கூடாதுடா, அரசாங்க உத்தரவு. ஆயுசுக்கும் நீ இங்க கடைக்காரன்தான்" என்றாள் டல்சி.

அங்கீகாரம் உள்ள ஆட்கள் பெர்த்திலிருந்து வந்து, பச்சையையும் பிங்க்கையும் மஞ்சளையும் சுரண்டினார்கள். வெளியே வந்தது ஒரு மங்கலான சாம்பல் வெள்ளை. 'பிந்தாங்'கின் நிறம் என்று முடிவாயிற்று. சலே ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். ஒகுனோ அவருடன் ஒரு மாதம் பேசவில்லை. சுற்றுலாக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். கடை பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, டார்வின் மாப்பிள்ளை மாதிரி.

மழைக்காலம் வந்தது, கொட்டியது, ஓய ஆரம்பித்தது. வருடா வருடம் போல டல்சி எலும்பு வாங்கிக் கொதிக்க வைத்தாள், நூடுல்ஸ் பிசைந்தாள். தெரு முனையைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக, கல்லாவுக்குப் பின்னாலேயே நின்றாள். டீனோ வரவில்லை. மறுநாளும் சூப் வைத்தாள். ஒகுனோவும் சலேயும் ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தார்கள்.

"சூப் நல்லாத்தான் இருக்கு. ஆனா குடிக்க வேண்டியவன் குடிக்கல" என்றார் ஒகுனோ.

"வாயை மூடிக்கிட்டுக் குடியும்."

"வாயை மூடிக்கிட்டு எப்படிம்மா குடிக்கிறது?"

மூன்றாவது நாள் காலையில் தடால் புடால் என்று கடைக்குப் பின்னால் சத்தம். கொஞ்ச நேரத்தில் டல்சி வெளியே வந்தாள். தலையில் தொப்பி, ஒரு கையில் சூப்புத் தூக்கு, இன்னொரு கையில் பெயிண்ட் டின், கக்கத்தில் பிரஷ். டின்னின் விளிம்பில் மஞ்சள் வழிந்திருந்தது.

"என்ன அது?" என்றார் சலே.

"மிச்சம்."

சலே எட்டிப் பார்த்தார். கடைக்குப் பின்னால் டல்சியின் கக்கூஸ் கதவிலிருந்து மஞ்சள் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டியல் முகப்புக்குத்தான், பின்னால் இருக்கிறதைப் பற்றி அரசாங்கத்துக்குக் கவலை கிடையாது. அவர் ஒகுனோவின் விலாவில் குத்தினார். கிழவர்கள் இரண்டு பேரும் பெஞ்சை விட்டு எழுந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, அவள் பின்னாலேயே போனார்கள். வழியில் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

டீனோ தன் வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். டல்சி டின்னை அவன் முன்னால் வைத்தாள். "வீணாப் போகுதேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

"எந்தப் படகோடது?"

"அதெல்லாம் நான் உன்னைக் கேட்டேனா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் பிரஷை முக்கி, அவன் வீட்டு முன் சுவரில் பூச ஆரம்பித்தாள். ஆயுசு முழுக்க மற்றவர்கள் பூசுவதைப் பார்த்தவளே தவிர, தான் பூசிப் பழக்கமில்லை. பெயிண்ட் முழங்கை வழியாக வழிந்து காலில் சொட்டியது. டீனோ இரண்டு முறை வாயைத் திறந்தான், இரண்டு முறையும் புத்திசாலித்தனமாக மூடிக்கொண்டான். பாதிச் சுவரில் டின் காலியாயிற்று. பெயிண்ட் பாதிச் சுவருக்குத்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

அவள் தூக்கைத் திறந்து, அதன் மூடிக் கிண்ணத்தில் சூப்பை ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிற வரை நின்றாள். கடை வாசலில் எத்தனையோ வருடம் அவன் கேட்ட கேள்வி இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. இத்தனை காலம் இதை அவன் ஒருவனே சுமந்தானே என்று வெட்கமாக இருந்தது.

"என்ன டீனோ," என்றாள், "இந்த வருஷம் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

டீனோ எழுந்தான். முட்டியைத் தேய்த்துக்கொண்டான். அவளைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், மஞ்சள் சொட்டச் சொட்ட நின்ற சுவரைப் பார்த்தான். 'காயட்டும்' என்று சொல்வான், சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது என்று டல்சி நினைத்தாள்.

அவன் சுவரருகே போய், உள்ளங்கையை ஈரப் பெயிண்டில் நன்றாகப் பதித்து எடுத்தான். விரல்களிலிருந்து மணிக்கட்டு வரை மஞ்சள் வழிந்தது. அந்தக் கையை அவளுக்கு நேராக விரித்துக் காட்டினான்.

"காஞ்சிருச்சு, டல்சி" என்றான்.